தீபாவளிக்குப் பிறகும் ஓடும் கார்

பரிசாக ரிமோட் கார் கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு வருகிற பட்டாசுக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது வேகத்தைத்தான். "நாப்பது கிலோமீட்டர் போகுமாம்ல அண்ணாச்சி?" என்பார்கள். கைப்பேசியில் ஒரு வீடியோவும் இருக்கும். மணல்மேட்டில் கார் எகிறிக் குதித்து, புழுதியைக் கிளப்பித் திரும்பும். முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். "சரி, உங்க கம்பெனி பேரை அதுல எங்க எழுதப் போறீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் கார் தேர்வு தொடங்குகிறது.

என் ஊர் சிவகாசி, தொழில் லேபிள். 1920களின் தொடக்கத்தில் இங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் லேபிள் அச்சு வந்தது. பட்டாசு வந்ததும் அச்சு இன்னும் பெருத்தது. குருவி வெடிக் கட்டிலிருந்து கிஃப்ட் பாக்ஸ் மேல்தாள் வரை ஊரே காகிதத்தில் பேசுகிறது. அந்த வழியில் வந்த எனக்கு ஏஜென்ட்களுக்கான அன்பளிப்புப் பொருள்களில் பெயர் போடும் வேலை பிறகு சேர்ந்தது. சுவர்க்கடிகாரம், ஹாட்பாக்ஸ், தோள்பை, வெள்ளி நாணயம் எல்லாம் செய்திருக்கிறோம். இவற்றில் பெயர் போட ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருக்கும், அதில் அச்சடித்தால் போதும். ரிமோட் காரில் அப்படி இல்லை. அந்த இடத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம்.

பரிசு யாருக்குப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில்லறை வாடிக்கையாளருக்கு இல்லை. "கிஃப்ட் பாக்ஸ் வாங்கினால் கூப்பன், குலுக்கலில் கார்" என்ற யோசனையோடு வருகிறவர்களை நான் அப்போதே நிறுத்திவிடுவேன். விற்பனையைக் கூட்டுவதற்காகக் குலுக்கல் நடத்துவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாங்கள் செய்வது ஏஜென்ட்டுக்கு, அவர் எடுத்த சரக்கின் அளவுக்குக் கொடுக்கிற பரிசு. அதிலும் கணக்கு உண்டு. 2022 ஜூலை 1 முதல், ஒருவருக்கு ஓராண்டில் கொடுக்கிற இத்தகைய பலன்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று வந்துவிட்டது. பரிசு வாங்குகிற ஏஜென்ட்டிடம் போய் வரிக்குப் பணம் கேட்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆகவே காரின் விலையை, அதே ஆண்டில் அவருக்குப் போகிற மற்ற அன்பளிப்புகளோடு கூட்டிப் பார்த்துத்தான் நிர்ணயிக்கிறோம்.

கணக்கு முடித்து ஏஜென்ட் கைக்குப் பரிசு போவது தீபாவளி முடிந்தபின். அடுத்த ஆடிப்பெருக்கில் புது ஆர்டர் பேச்சு தொடங்கும். நடுவில் எட்டு ஒன்பது மாதம். அந்த மாதங்களில் கம்பெனியின் பெயர் அந்த வீட்டில் பேசப்பட வேண்டும் என்றால் கார் ஓட வேண்டும். இரண்டு வாரத்தில் நின்றுபோன கார் பரணுக்குப் போய்விடும், பெயரும் அதோடு மேலே ஏறிவிடும். வேகத்தைப் பற்றிய பேச்சை நான் தள்ளிவைப்பது இதனால்தான்.

கடையில் கிடைக்கிற கார்களை இரண்டு சாதியாகப் பிரிக்கலாம். ஒன்று பொம்மை வகை. உள்ளே ஒரே ஒரு சர்க்யூட் போர்டு. சிக்னல் வாங்குவது, மோட்டாரை ஓட்டுவது, சக்கரத்தைத் திருப்புவது எல்லாமே அதில்தான். ஒரு இடத்தில் புகைந்தால் முழு வண்டியும் போச்சு. ஸ்டியரிங்கும் முழு இடது, முழு வலது, இரண்டே நிலை. மற்றது ஹாபி வகை. ரிசீவர் தனி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தனி, திருப்புகிற சர்வோ தனி, மோட்டார் தனி. எது போனாலும் நான்கு திருகைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். விலை மூன்று நான்கு மடங்கு கூடும். என்றாலும் பரிசுக்கு இந்த இரண்டாம் வகையைத்தான் சொல்வேன். நூறு பேருக்குச் சாதாரண கார் கொடுப்பதைவிட முப்பது பேருக்கு நல்ல கார் கொடுங்கள் என்று முதலாளிகளிடம் வாதாடியிருக்கிறேன். சிலர் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கு ஹாட்பாக்ஸ் செய்து கொடுத்தேன்.

மாதிரி கார் மேசைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிவைப்பேன். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு காரைப் போட்டு, முழு வேகத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அணைத்துவிடுவேன். நல்ல காரில் சக்கரம் உடனே நின்றுவிடும். சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்து என்று ரிசீவருக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். சக்கரம் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த மாடலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் அதற்கு மேல் பேச்சில்லை. தெருவில் ஓடுகிற வண்டி அது. எதிரே சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வரும். ஏஜென்ட் கையில் கொடுக்கும்போதும் இந்த வரிசையைத் தமிழில் அச்சடித்து ரிமோட்டின் முதுகில் ஒட்டிக் கொடுக்கிறோம்: போடும்போது ரிமோட் முதலில், அணைக்கும்போது கார் முதலில்.

அலைவரிசையும் பார்க்க வேண்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார்களில் ஒரே சேனலில் இரண்டு வண்டிகள் இருந்தால் ஒருவர் ரிமோட்டுக்கு மற்றவர் வண்டி திரும்பும். ஏஜென்ட் கூட்டத்தில் பத்துப் பேர் ஒன்றாக ஓட்டிப் பார்ப்பார்கள், அங்கே இது ஆகாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் ரிசீவரோடு மட்டும் பேசப் பழக்கப்பட்டிருக்கும். அந்த அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005இலேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது. இறக்குமதியாளரிடம் கருவி வகை ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

அடுத்தது தரை. விருதுநகர் மாவட்டத்தில் கார் எங்கே ஓடும்? சாத்தூர்ப் பக்கம் போனால் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. சிவகாசித் தெருக்களில் சிமெண்ட் கல், வேகத்தடை, ஜல்லி. வெளியே வந்தால் சீமைக்கருவேல முள். தரையிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்தில் ஓடுகிற ரேஸ் கார் இங்கே ஒரு முழம் போகாது. பார்க்க அழகாக இருக்கும் அந்தத் தாழ்ந்த கார்களைத்தான் எல்லோரும் முதலில் விரல்நீட்டிக் காட்டுவார்கள். பெரும்பாலும் பகட்டான இத்தாலிய கார்களின் வடிவத்தில் இருக்கும். அதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அந்த உருவமும் பெயரும் அந்தந்தக் கார் கம்பெனிக்குச் சொந்தம். பொம்மைக் கம்பெனி உரிமம் வாங்கிச் செய்திருக்கும். அதன்மேல் நம் பட்டாசுக் கம்பெனியின் பெயரை ஒட்டி விளம்பரத்துக்குக் கொடுத்தால் அது வேறு விவகாரம். லேபிள் திருட்டால் வழக்காடிய கதைகளை வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற ஊரில் அடுத்தவன் மார்க்கின்மேல் நம் மார்க்கை ஒட்டக் கூடாது.

எங்களுக்குப் பொருந்துவது ஷார்ட் கோர்ஸ் டிரக் என்கிற வகை. அமெரிக்கப் பாலைவனங்களில் பந்தயம் விடுகிற பிக்கப் வண்டிகளின் சிறு உருவம். 2008இல் டிராக்ஸஸ் கம்பெனி ஸ்லாஷ் என்ற வண்டியைக் கொண்டுவந்தபின் உலகம் முழுக்க இந்த வடிவம் பரவியது. பத்தில் ஒரு பங்கு அளவில் அரை மீட்டருக்கும் மேல் நீளம். சக்கரங்களை மேல்கூடு மூடியிருக்கும், எதிலாவது இடித்தாலும் சக்கரம் போய்க் கொக்கியாக மாட்டிக்கொள்ளாது. வயிறு தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும். லேபிள்காரனான எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் பக்கவாட்டு. கதவிலிருந்து பின்முனை வரை கிட்டத்தட்ட தட்டையான பரப்பு. பத்தடி தள்ளி நிற்பவர் படிக்கும் அளவுக்குத் தமிழ் எழுத்தை அங்கே விடலாம். தமிழில் பெயர் போடும்போது இது இன்னும் முக்கியம். மேலே விசிறியும் கீழே சுழியும் போக எழுத்தின் உடலுக்கு மிஞ்சுகிற உயரம் குறைவு. வளைந்த பரப்பில் அந்தச் சுழிகள்தான் முதலில் கோணும். இடம் இல்லாதவர்களுக்காகப் பதினாறில் ஒரு பங்கு அளவிலும் இதே வடிவம் கிடைக்கிறது. அதற்குக் கீழே போனால் பெயர் சுருங்கிவிடும், நான் போவதில்லை.

இனி மேல்கூடு. இந்த வேலையில் என் மனம் தோய்ந்த இடம் இதுதான்.

ஹாபி வகைக் கார்களின் மேல்கூடு பாலிகார்பனேட். கண்ணாடி மாதிரித் தெளிவாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் வரும். வளைத்தால் வளையும், உடையாது. இதற்கு நிறம் அடிப்பது வெளிப்புறத்தில் இல்லை, உள்புறத்தில். வண்டி உருண்டு புரண்டு தரையில் தேய்ந்தாலும் தேய்வது பிளாஸ்டிக்தான், நிறம் உள்ளே பத்திரமாக இருக்கும். பளபளப்பும் பிளாஸ்டிக்கின் பளபளப்பு, வார்னிஷ் வேண்டாம். முதலில் கூட்டின் உள்ளே பாத்திரம் விளக்கும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழன்று வர உதவிய எண்ணெய்ப் பசை உள்ளே இருக்கும், அது போகாமல் அடித்தால் நிறம் செதிலாக உரியும். நிழலில் காயவைத்து, ஜன்னல் கண்ணாடிகள் வருகிற இடத்தை ஸ்டிக்கரால் மறைத்து, பிறகு நிறம்.

உள்ளே அடிப்பதால் வரிசை தலைகீழ். காகிதத்தில் நாங்கள் தரையை முதலில் அடித்து எழுத்தை மேலே ஏற்றுவோம். இங்கே முதலில் அடிப்பதுதான் முன்னால் தெரியும். எழுத்து முதலில், அதன் கரை அடுத்து, தரை கடைசி. அடர்நிறம் முன்னால், வெளிர்நிறம் பின்னால். மஞ்சளும் ஒளிரும் சிவப்பும் தனியாக நின்றால் சோகை பிடித்ததுபோல் இருக்கும், அவற்றின் முதுகில் வெள்ளை அடித்தால்தான் உயிர் வரும். பட்டாசு லேபிளின் உயிரே அந்த மஞ்சளும் சிவப்பும்தான் என்பதால் வெள்ளையில் நாங்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. பெயிண்டும் பாலிகார்பனேட்டுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கதவுக்கு அடிக்கிற சாதாரண ஸ்பிரே பெயிண்ட் காய்ந்தபின் விறைத்துவிடும், கூடு வளைகிற முதல் மோதலிலேயே வெடித்துக் கொட்டும்.

எழுத்தும் இடவலம் மாறி வர வேண்டும். இதற்கான முகமூடி ஸ்டிக்கரைப் பிளாட்டரில் வெட்டி எடுத்து மேசையில் விரித்தபோது, எங்கள் அச்சகத்துக்குப் பழக்கமான ஒரு பெரியவர் வந்திருந்தார். லித்தோ கல்லில் வரைந்த கடைசித் தலைமுறை ஆர்டிஸ்ட்களில் ஒருவர். கல்லிலிருந்து தாளுக்கு நேராக அச்சிறங்கும் காலத்தில் கல்மேல் எழுத்தைத் தலைமாற்றித்தான் எழுத வேண்டும். ஆஃப்செட் வந்தபின் பிளேட்டில் நேர் எழுத்து வந்தது, இடையில் ரப்பர் பிளாங்கெட் ஒருமுறை திருப்பிவிடும். தலைமாற்றி எழுதுகிற கை ஊரில் தேவையில்லாமல் போயிற்று. பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த முகமூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்த 'ழ'வுக்கு வால் தப்பா இருக்கு" என்றார்.

"கம்ப்யூட்டர்ல அப்படியே திருப்பினதுதான் ஐயா."

"திருப்புனா போதாது. வெளிய இருந்து பாக்கறவனுக்கு வளைவு மேல விழுது. வாலைக் கொஞ்சம் தூக்கு."

ஒரு பென்சிலை வாங்கி முகமூடித் தாளின் ஓரத்திலேயே, வலமிருந்து இடமாக, தலைமாற்றி ஒரு 'ழ' போட்டுக் காட்டினார். கை தயங்கவே இல்லை. அதை ஸ்கேன் செய்து அப்படியே வெட்டினோம். கூட்டில் ஏறியபின் வெளியிலிருந்து பார்த்தால் எழுத்து நேராக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் எல்லாப் பரிசு வண்டிகளுக்கும் எழுத்து வரைந்தவர் அவர்தான். கூலியை மறுக்காமல் வாங்கிக்கொண்டார், அது எனக்கு நிறைவு. அவருடைய கலைக்கு ஊரில் மறுபடியும் ஒரு விலை இருந்தது.

ஸ்டிக்கரே வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பெனிப் பெயரும் மார்க்கும் உள்ளே நிறமாக. அந்த ஆண்டின் எண், புது ரகங்களின் பெயர், ஏஜென்ட்டின் ஊர் இவை வெளியே ஸ்டிக்கராக. நிலைத்திருக்க வேண்டியது உள்ளே, மாறக்கூடியது வெளியே. நாங்கள் நாள்தோறும் அடிக்கிற ஆர்ட் பேப்பர் லேபிளை இங்கே ஒட்டினால் ஒரே வாரத்தில் ஓரம் தூக்கும். வினைல்தான் வேண்டும். அதிலும் வார்த்தெடுத்த வினைல் சுருங்காது, விலை குறைந்த உருட்டுத் தகட்டு வினைல் வெயிலில் உள்வாங்கிப் பசையை வெளியே காட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுகிறோம், கூர்முனைதான் முதலில் கிளம்பும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, நகர்த்திச் சரிசெய்து, அட்டைத் துண்டால் தண்ணீரைத் தள்ளி வெளியேற்ற வேண்டும்.

படம் பற்றி ஒரு வார்த்தை. சிவகாசியில் பல கம்பெனிகளின் பெயரும் மார்க்கும் தெய்வத்தின் பேரில் இருக்கும். அந்தப் படத்தைக் காரில் போடச் சொல்லிக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். தரையில் புரண்டு, சேற்றில் விழுந்து, பிள்ளைகள் காலால் நிறுத்துகிற வண்டி. தெய்வப் படம் போட்ட பட்டாசைக் கொளுத்த மனமில்லை என்று சொல்கிறவர்கள் பல காலமாக இருக்கிறார்கள், அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. பெயரை மட்டும் பெரிதாக எழுதலாம். அணிலோ சேவலோ மார்க்காக உள்ள பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கவலை இல்லை. சினிமா நடிகர் படமும் கூடாது, எழுத்துமூலம் அனுமதி இருந்தால் மட்டும்தான். பழைய லேபிள்களில் யாரைக் கேட்டும் போடவில்லை என்பது இன்றைக்கு நியாயமாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது எங்கள் ஊருக்கு மட்டும்.

இந்தக் கார்களில் பெரும்பாலும் கரி பிரஷ் உள்ள மோட்டார். பிரஷ் காமுடேட்டரைத் தொட்டு விலகும் இடத்தில் நுண்பொறி பறந்துகொண்டே இருக்கும். இருட்டில் மோட்டாரின் பின்பக்கத் துளை வழியே பார்த்தால் நீலமாகத் தெரியும். பட்டாசுத் தொழிற்சாலை வாசலில் பீடி, தீப்பெட்டி, கைப்பேசி எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிடுவார்கள். மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிற இடம் அது. அங்கே இந்தக் காரை "சும்மா ஒரு ரவுண்டு" ஓட்டிக்காட்ட நினைக்கவே கூடாது. மாதிரி காட்டுவது எப்போதும் டவுன் ஆபீஸில். பேட்டரியைக் கழற்றித் தனிப் பையில் போட்டுத்தான் கொண்டுபோவேன். ஒரு முதலாளி ஆசையாக, "ஃபேக்டரி கிரவுண்ட்லயே பாத்துரலாமே" என்று கூப்பிட்டபோது அவருடைய போர்மேன்தான் எனக்கு முன்னால் வேண்டாம் என்றார். இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாக உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு விளையாட்டுச் சாமானுக்காக ஒரு விதியைத் தளர்த்தச் சம்மதிக்க மாட்டேன்.

ஏஜென்ட்டின் கடைக்கும் இதே நியாயம்தான். தீபாவளித் தற்காலிகக் கடைகளில் மின்விளக்கைக்கூடச் சுவரிலோ கூரையிலோ நிலையாகப் பொருத்த வேண்டும், தொங்கவிடக் கூடாது என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மேசைக்கடியில் ஒரு சார்ஜர் ஒயர் தொங்கினால் என்ன அர்த்தம்? "பட்டாசு வைத்திருக்கும் இடத்தில் இந்தக் காரை ஓட்டவோ சார்ஜ் போடவோ கூடாது." காரின் பெட்டியிலும் சார்ஜரிலும் சிவப்பில் இதை அடிக்கிறோம். சார்ஜர் ஒயரில் ஒட்டுகிற லேபிள் இரண்டு விரல் அகலம்தான். எங்கள் அச்சகத்தில் அடிக்கிற லேபிள்களிலேயே அதற்குத்தான் நான் புரூப் இரண்டு தடவை பார்க்கிறேன்.

பேட்டரித் தேர்வும் இதிலிருந்தே வருகிறது. வேகம் வேண்டுமென்றால் லித்தியம் பாலிமர். எடை குறைவு, திடுக்கென்று இழுக்கும். ஆனால் முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தால் உப்பும், முழுக்க இறங்கவிட்டால் செத்துப்போகும், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவைக்கத் தெரிந்தவர்களுக்கான பொருள் அது. மேமாத விருதுநகர் வெயிலில், பீரோவுக்குள், விவரம் அறியாத வீட்டில் அதை நான் வைக்க மாட்டேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, ஆறு செல், 7.2 வோல்ட். கனம் அதிகம், ஓட்டம் நிதானம். ஆனால் நாலைந்து மாதம் மறந்துபோய்க் கிடந்தாலும் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் எழுந்து உட்காரும். தீபாவளிக்குப் பின் வாங்கிப் பங்குனிப் பொங்கல் லீவுக்குத்தான் பிள்ளைகள் எடுத்து ஓட்டுவார்கள் என்றால் இந்தக் குணம்தான் தேவை. கூடவே வருகிற சார்ஜர் 250 மில்லி ஆம்பியர் என்றால் 1800 பேட்டரி நிறைய ஏழெட்டு மணி நேரம் ஆகும். பிள்ளை பொறுக்குமா? கொஞ்சம் கூடுதல் விலையில், நிறைந்ததும் தானே நிற்கிற சார்ஜரை மாற்றிக் கொடுக்கிறோம்.

அனுப்புவதிலும் ஒரு கட்டு உண்டு. பட்டாசு லாரி கிளம்பும்போது, "அப்படியே மேல ஏத்திவிட்டா வாடகை மிச்சம்ல?" என்று கேட்காத குடோன் மேனேஜர் இல்லை. பன்னாட்டு ஆபத்துச் சரக்கு வகைப்பாட்டில் பட்டாசு முதல் வகை, லித்தியம் பேட்டரி ஒன்பதாம் வகை. நிக்கல் பேட்டரிக்கு அந்தத் தொல்லை குறைவுதான், என்றாலும் மின்கலம் எதையும் வெடியோடு ஏற்றுவதில்லை என்பது எங்கள் கணக்கு. கார்கள் தனிப் பார்சலில், பேட்டரி கழற்றிய நிலையில் போகும்.

வேகம் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். மோட்டார் நுனியில் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தை, பற்கள் குறைந்த ஒன்றாக மாற்றிவிடுவோம். உச்ச வேகம் குறையும், மேடு ஏறும் பலம் கூடும், மோட்டார் சூடு தணியும். ஓட்டி முடித்ததும் மோட்டாரில் விரல் வைத்து மூன்று எண்ண முடிய வேண்டும், முடியாவிட்டால் பல்லை இன்னும் குறைப்போம். பழைய பல்சக்கரத்தையும் ஒரு சின்ன உறையில் போட்டு உடன் வைக்கிறோம். பிள்ளை வளர்ந்து ஓட்டக் கற்றபின் மாட்டிக்கொள்ளட்டும்.

இனி முத்திரை. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் விளையாடவென்று விற்கிற எந்தப் பொம்மைக்கும் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதி வரியும் 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆயிற்று. சீனாவின் ஷான்டோ பக்கத்திலிருந்து வருகிற மலிவுச் சரக்கின் வரத்து இதனால் வெகுவாகச் சுருங்கியது. குறுக்கு வழியில் வந்த சரக்கைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் இப்போதும் உண்டு. பெயர் போட்டுக் கொடுக்கிற பொருளில் அந்த வேலை ஆகாது, பெயர்தானே முகவரி. பெட்டியின் மேல் வயது வரம்பைப் பெரிதாக அடிப்பதோடு, நிறத்தில் ஈயம் கலப்பதில் 90 பிபிஎம் வரம்பைத் தாண்டாத பெயிண்ட் என்று சான்று வாங்கிவைக்கிறோம். பிள்ளைகள் கை படும், கை வாய்க்குப் போகும்.

பெட்டி எங்கள் சொந்த மைதானம், டூப்ளெக்ஸ் அட்டையும் டை பஞ்சிங்கும் சிவகாசிக்குப் புதிதில்லை. இங்கே எனக்கு ஆதர்சம் ஜப்பானின் தமியா. 1946இல் ஷிசுவோகாவில் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய குடும்பம் அது. 1976இல் போர்ஷே 934 வடிவில் முதல் ரிமோட் காரைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் தரையில் வண்டியை மட்டும் ஓவியமாக நிறுத்துகிற அவர்கள் பெட்டிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். நேரு 'குட்டி ஜப்பான்' என்று அழைத்ததாகப் பெருமை பேசுகிற ஊர், அந்த ஜப்பான்காரன் பெட்டியில் விடுகிற வெற்றிடத்தையும் கற்றுக்கொள்ளலாம். பட்டாசுப் பெட்டியில் ஓர் அங்குலம் சும்மா விட்டாலும் "ஏன் இடம் காலியா கெடக்கு?" என்று கேட்கிற முதலாளிகளிடம் இதை ஒத்துக்கொள்ளவைப்பது கடினம். ஒருவர் ஒத்துக்கொண்டார். வெள்ளைப் பெட்டி, நடுவில் வண்டி, அதன் பக்கவாட்டில் பெரியவர் எழுதிய பெயர். ஏஜென்ட்கள் பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று அவரே வந்து சொன்னார்.

உதிரிபாகம் கையிருப்பு இல்லாமல் நான் எந்த மாடலையும் எடுப்பதில்லை. முன் சக்கரத்தைத் தாங்குகிற கை, சர்வோவின் பல், பிரஷ் மோட்டார், கூட்டை மாட்டும் கம்பிக் கொக்கி இந்த நான்கும்தான் அடிக்கடி போகிறவை. பரிசு எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு இவற்றை முதல் ஆர்டரிலேயே சேர்த்து வாங்கிவிட வேண்டும். பின்னால் தேடினால் அந்த மாடலே நின்றுபோயிருக்கும். விருதுநகர்க் கடைவீதியில் மிக்சியும் டார்ச்சும் பழுது பார்க்கிற தம்பி ஒருவனுக்கு இந்த வண்டியைப் பிரித்துப் பூட்டப் பழக்கிவிட்டோம். உள் மாவட்ட ஏஜென்ட்கள் அவனிடம் போகிறார்கள். வெளியூர்களுக்குக் கூரியரில் பாகம் போகிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு ஏஜென்ட் மாசி மாதம் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார். பட்டாசு ஆர்டர் பேச யாரும் எழுந்திருக்காத காலம். "முன்சக்கரத்துக் கை ஒண்ணு வேணும், பையன் தூங்க விடமாட்டேங்கிறான்" என்றாராம். பேச்சு அப்படியே வந்து புது ரேட் லிஸ்ட்டில் நின்றது. முதலாளி அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, ரிமோட் கார் வேண்டாம் என்று முதலில் வாதாடிய அவருடைய தம்பிக்கும் தொற்றியிருந்தது.

2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை சொன்னபின் கம்பெனிகளின் ரகப் பட்டியலே மாறிக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் லேபிள் மாறுகிறது. அதற்கேற்ப இந்த வருஷம் ஒரு வழி செய்திருக்கிறோம். முன்பு கார் வாங்கிய ஏஜென்ட்களுக்கு மறுபடி கார் கிடையாது. கூடே மாறுவதால் அந்த ஆண்டின் எண்ணும் ரகமும்கூட நிறமாகவே ஏறிய மேல்கூடு மட்டும் போகும், கூடவே நான்கு கொக்கிகளும் ஒரு ஜோடி முன்கைகளும். பழைய கூட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். செலவு காரின் விலையில் ஒரு சிறு பங்கு. பெரியவர் எழுத்துகளை முடித்துக் கொடுத்துவிட்டார், பிளாட்டரில் வெட்டு நடக்கிறது, வெள்ளை பெயிண்ட் வர வேண்டும். ஆடிப்பெருக்குக்குள் மாதிரி முதலாளி மேசையில் இருக்கும்.